ஆலை ஓய்ந்த நிலம்

சிலப்பதிகாரம் ஓதினோர் புகார் நகரை மறவார். இளங்கோவடிகள் அந்நகரை மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் இரு கூறாக்கிக் காட்டுகின்றார். கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோரும் கொல்லரும் தச்சரும் குயவரும் பிற கைத்தொழிலாளரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசரும் செல்வரும் வாழ்ந்தனர். இரண்டிற்கும் நடுவே மரங்கள் நிறைந்த நாளங்காடி இருந்தது. அடிகள் முதற்கண் பாடியது எதனை? அரசர் தெருவையன்று, தொழிலாளர் வாழ்ந்த பாக்கத்தையே. வகுப்பில் இப்பகுதியைப் பாடங் கேட்ட ஞான்று எம் உள்ளம் புகாரில் நிற்கவில்லை. யாம் பிறந்து வளர்ந்த புளியந்தோப்பிற்கு ஓடிற்று.

சென்னையின் மருவூர்ப்பாக்கம் யாது என வினவுவார்க்கு யாம் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. சென்ட்ரல் நிலையத்திற்கு வடமேற்கே, பேசின் பிரிட்ஜ் தொடங்கிப் பெரம்பூர் ஈறாக, விரித்த கைவிரல்கள் போல இருப்புப்பாதைகள் பிரிந்து பரந்து கிடக்கின்றன. அவற்றை ஒட்டிய நிலமே அது. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, சூளை, வியாசர்பாடி என்பன அங்குள்ள ஊர்கள். பெயர்களை நோக்குமின்! புளியந்தோப்பில் இன்று தோப்பைக் காணோம். ஓட்டேரியில் ஏரியைக் காணோம். ஓட்டேரி நல்லா என்னும் கால்வாயே கண்ணிற் படுகின்றது. நல்லா என்பது ஓடையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். அதன் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்க்கு அப்பெயர் தமிழிற் பொருந்தாமை எளிதில் விளங்கும்.

இந்நிலத்திற்கு இருப்புப்பாதை முதலில் வந்தது. ஆலை பின்னர் வந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. அவ்வாண்டிலேயே பெரம்பூரில் வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிற்சாலையும் தோன்றிற்று. பஞ்சுப் பொதி வந்திறங்கவும் துணிக்கட்டு ஏறிச் செல்லவும் பாதை அருகிருந்தது. 1876-இல் பக்கிங்காம் ஆலை எழுந்தது. சில ஆண்டுகள் கழித்துக் கர்நாடிக் ஆலை எழுந்தது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. பின்னி கம்பெனியின் மேற்பார்வையில் இருந்தமையால் ஊரார் இரண்டனையும் சேர்த்துப் ‘பின்னி மில்’ என்றே வழங்கினர். பக்கிங்காம் கோமகன் அக்காலத்துச் சென்னை ஆளுநர். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியற்ற ஏழைமக்கள் மண் சுமந்து நீட்டிய கால்வாய்க்கும் அவர் பெயரே இடப்பட்டது. ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் அருகே அக்கால்வாயிற் சென்று கலக்கின்றது. ஒரு பெயரின்கீழ் ஆலையும் பஞ்சமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றமை எமக்கு எப்பொழுதும் வியப்பைத் தரும்.

எம் பாட்டனார் அவ்வாலையின் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். போர்வீரரும் போலீசாரும் உடுத்த காக்கித் துணிக்கு அவ்வாலை பேர்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளின் சீருடைத் துணிக்கும் அஃதே. பாட்டனார் இன்றும் கடைத்தெருவில் துணியைத் தொட்டால் விரல்களிடையே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். இழையை ஒளிக்கு நேரே பிடிப்பார். பின்னர் விலையைக் கேளாமலே திருப்பித் தந்துவிடுவார். தறிகளின் ஓசையில் நெடுங்காலம் நின்றமையால் அவர் செவி மந்தமாயிற்று. ஆயினும் ஆலைச் சங்கின் ஓசை மட்டும் தமக்கு இப்பொழுதும் கேட்பதாகச் சொல்வார். அச்சங்கு ஊதிய காலத்தில் எம் தெருவில் எவர் வீட்டிலும் கடிகாரம் தேவைப்படவில்லையாம். உலை வைத்தல், பிள்ளைகளை எழுப்புதல், அடுத்த ஷிப்டுக்குப் போவாரை அனுப்புதல் யாவும் சங்கின் வழியே நடந்தன என ஆயா கூறுவார்.

தமிழ் பயில்வார்க்கு இந்நிலம் பிறிதோராற்றானும் உரியது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டு தோன்றிற்று. பி. பி. வாடியா அதன் தலைவர். அவருக்குத் துணைநின்றவருள் திரு. வி. கலியாணசுந்தரனார் தலையாயவர். திரு. வி. க. அதற்குச் சிறிது முன்வரை இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர் என்பதை இம்மலரைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெரியபுராணத்தையும் இலக்கணத்தையும் கற்ற நா, கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிற்று. மேடையில் ஆங்கிலமே செங்கோல் ஓச்சிய நாளில், தறியடியில் நின்றவன் செவிக்கு எட்டுந் தமிழை அவர் மேடையேற்றினார். எம் பாட்டனார் அவரைக் கண்டவரல்லர். எனினும் அப்பெயரைச் சொல்லும்பொழுது குரலைத் தாழ்த்திக் கொள்வார்.

இவ்வளவில் நிறுத்தின் இனிமையாய் இருக்கும், உண்மை நிரம்பாது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரு பிரிவாயினர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், ஏனையோர் வெகுண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின, போலீசார் துப்பாக்கியாற் சுட்டனர், உயிர்கள் மாண்டன. ஒரே தறிக்கூடத்தில் நின்றோர் ஒரே தெருவில் வாழ்ந்திலர் என்பதே அதன் வேர். நிலத்தைப் புதுக்குவோர் வரைபடத்தில் இக்கோடு காணப்படாது. தெருக்களில் நடந்தாற் காணலாம். இன்றும் இன்ன தெரு இன்னார் தெரு என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

1996-இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் அப்பரந்த கூடங்களில் திரைப்படக்காரர் படம் பிடித்தனர். தாம் வியர்வை சிந்திய இடத்தில் நாயகன் பகைவரை அடித்து வீழ்த்துங் காட்சியைப் பாட்டனார் திரையிற் கண்டு, சண்டையை விட்டுச் சுவரையே நோக்கியிருந்தார். இப்பொழுது ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் பல மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. மெட்ரோ ரயிலின் இரண்டாங் கட்டத்தில் மாதவரத்தினின்று வரும் பாதை பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம் வழியே நிலத்தடியிற் செல்ல வகுக்கப்பட்டுள்ளது. அச்செய்தி கேட்ட மாத்திரத்தே எம் தெருவில் வாடகை ஏறிற்று. வண்டி வருமுன் விலை வந்துவிட்டது.

இனி, இவ்வகை நிலங்களைப் பிற நகரத்தார் என் செய்தனர் என்பதை நோக்குவோம். பம்பாயில் 1982-ஆம் ஆண்டு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நலிந்தன. 1991-இல் அந்நகருக்கு வகுத்த விதியொன்று, ஆலை நிலத்தை விற்றுப் பயன்படுத்துவோர் மூன்றிலொரு கூற்றை நகரத்தின் திறந்தவெளிக்கும், மூன்றிலொரு கூற்றைப் பொதுமக்கள் வீடுகளுக்கும் விடுதல் வேண்டும் எனப் பணித்தது. கேட்பதற்கு எத்துணை நேர்மை! 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் நில்லாத வெற்று நிலத்திற்கே அப்பங்கீடு பொருந்தும் என்றாயிற்று. ஆலை என்பது பெரும்பாலும் கட்டடமே அன்றோ? எஞ்சிய வெற்று நிலம் எவ்வளவு இருக்கும்? 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை நிலைநிறுத்தியது. ஓர் எச்சவினையை மாற்றினால் வாக்கியப் பொருள் மாறுவதை இலக்கணத்திற் கண்டிருக்கின்றோம். ஒரு தொடரைத் திருத்தியதால் ஒரு நகரமே மாறியதைப் பம்பாயிற் காண்கின்றோம்.

இலண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் பின்புறம் எம் ஊரைப் பெரிதும் ஒத்தது. அங்கும் சரக்கு யார்டு, அங்கும் கால்வாய், அங்கும் ஓய்ந்த கொட்டாரங்கள். 67 ஏக்கர் நிலத்தை ஒரே திட்டமாக வகுத்து, 2006-இல் இசைவு பெற்று, படிப்படியாகப் புதுக்கினர். 1852-இல் கட்டிய தானியக் கிடங்கை இடித்திலர். 2011-இல் அதனுள் ஒரு கலைக் கல்லூரி குடிபுகுந்தது. நிலக்கரி கொட்டிய கூடங்கள் 2018 முதற் கடைத்தெருவாயின. எரிவாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டங்களைக் கழற்றித் துலக்கி மீண்டும் நிறுத்தி, அவற்றினுள்ளே வீடுகள் கட்டினர். கிடங்கிற் கல்லூரி புகுந்தமை எமக்கு மிகவும் பிடித்தது. ஆயின் அங்கு விற்கும் வீடுகளின் விலையை நோக்கின், நிலக்கரி சுமந்தவன் பேரன் அவ்வீடுகளில் வாழ்வது அரிது எனத் தோன்றுகின்றது. பழஞ்சுவரைக் காத்தல் வேறு. பழங்குடியைக் காத்தல் வேறு.

எம் ஊருக்கு வருவோம். எதனைக் கட்டுவது என்று பேசுமுன் நீர் எங்குச் செல்லும் என்று கேட்டல் வேண்டும். புளியந்தோப்பும் வியாசர்பாடியும் தாழ்ந்த நிலங்கள். மேடிட்ட இருப்புப்பாதைகள் அணைபோல் நிற்றலால் மழைநீர் சில மதகுகளின் வழியே தான் வெளியேறுதல் வேண்டும். கால்வாயில் நீர் உயர்ந்தவிடத்து நல்லா பின்வாங்கித் தெருவுக்குள் ஏறும். கணேசபுரம் சுரங்கப்பாதை மழை நாளில் குளமாதலைச் சென்னையில் அறியாதார் இலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடைப்பட்ட பாலத்தில் நீர் அபாய அளவைக் கடந்தமையால் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அப்பொழுது யாம் மேனிலைப் பள்ளியின் இறுதியாண்டிற் பயின்றோம். எம் வீட்டிற் கட்டிலுக்கு மேலே நீர் ஏறிற்று. பாட்டனாரைத் தந்தையார் தோளிற் சுமந்து சென்றார். எம் தமிழ்ப் புத்தகங்கள் ஊறிப் பருத்து அப்பளம்போற் காய்ந்தன. அவற்றுள் ஒன்றையே இன்றும் பயன்படுத்துகின்றோம்.

ஆதலின் ஆலை நிலத்திலும் பயனின்றிக் கிடக்கும் ரயில்வே நிலத்திலும் முதற்கண் வேண்டுவது நீர் தங்குங் குளம். மழைக்காலத்து நல்லாவின் மிகுநீரை வாங்கிக் கொள்ளும் ஆழமான குளமும், வேனிலிற் பிள்ளைகள் ஆடும் படிக்கட்டான கரையும் அமைந்தால், ஓட்டேரிக்குத் தன் பெயரின் பிற்பாதி திரும்பக் கிடைக்கும். அதற்குமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். சாயமும் எந்திர எண்ணெயும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஊறிய மண்ணின்மேல் சோதனையின்றி வீடு கட்டுதலும் குளம் வெட்டுதலும் ஒவ்வா. ரயில்வே நிலங்களைப் பயன்படுத்துவதற்கென 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தனி ஆணையமே வகுக்கப்பட்டுள்ளது. அதன் நோக்கம் வருவாய் ஈட்டுதல். வருவாயைக் குறைகூறோம், குளமும் ஒருவகை வருவாயே எனக் கணக்கெழுதும் வழியைக் கற்றோர் கண்டு சொல்லுதல் வேண்டும்.

அடுத்தது வேலை. இதில் பாட்டனாருக்கும் எமக்கும் வழக்கு உண்டு. யாம் நூலகம், தொழிலாளர் வரலாற்றுக் காட்சிசாலை, கலைக்கூடம் என்று அடுக்குவோம். அவர் பொறுமையாகக் கேட்டிருந்து, “அதெல்லாம் பார்க்க வருகிறவனுக்கு, கண்ணு. இங்கே இருக்கிறவனுக்கு என்ன?” என்பார். அவர் பக்கம் நியாயம் மிகுதி. பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலைகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நேரு தொடங்கிவைத்த பெட்டித் தொழிற்சாலையிலேதான் 2018-இல் முதல் வந்தே பாரத் வண்டி உருவாயிற்று. ஆலை ஓய்ந்தது, யார்டு ஓயவில்லை. பற்றவைத்தல், மின்கம்பி இணைத்தல், இருக்கை தைத்தல் முதலிய சிறு தொழில்களைக் கற்பிக்கும் பயிற்சிக்கூடமும், கற்றோர் வாடகைக்கு எடுத்து வேலை செய்யத்தக்க சிறு பட்டறைகளும் பழைய கூடங்களிலேயே அமையலாம். எம் தெருப் பெண்கள் பலர் தையல் அறிவர். இப்பொழுது வீட்டு வாயிலில் எந்திரத்தைப் போட்டு, மழை வந்தால் உள்ளே இழுக்கின்றனர். காட்சிசாலைக்கு ஓரறை போதும் என யாம் இறங்கிவந்தோம். பாட்டனார் ஓரறைக்கு உடன்பட்டார்.

இருப்புப்பாதைகளைக் கடந்து செல்ல நடைமேம்பாலங்கள் வேண்டும். கண்ணுக்கெதிரே தெரியும் பள்ளிக்குப் பிள்ளைகள் சுற்றிச் செல்கின்றனர். சுற்ற மனமில்லாதார் தண்டவாளத்தின்மேல் நடக்கின்றனர். இதற்கு மேல் இதனை விரிக்க வேண்டா.

நிற்க. இவற்றை எழுத எம்மைத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. ரயில்வே மதிலுக்கும் நல்லாவுக்கும் இடையே கிடப்பது எம் தெரு. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தார் வந்து கதவுகளில் வண்ணத்தால் இலக்கம் எழுதிச் சென்றனர். பின்னர் அறிவிப்பு வந்தது. அதில் எம் தெரு ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. புறம்போக்கு என்பது நல்ல தமிழ்ச்சொல். வரிவிதிப்பிற்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். குளமும் வழியும் மேய்ச்சலும் இடுகாடும் புறம்போக்கே. ஊரார் யாவர்க்கும் உரியது. அச்சொல் இன்று தெருச்சண்டையில் வசைச்சொல்லாயிற்று. அதற்கு முன்னே ‘ஆட்சேபகரமான’ என்னும் அடையுஞ் சேர்ந்தால், ஆட்சேபம் நிலத்தின் மேலதோ நிலத்தில் இருப்பார் மேலதோ என ஐயம் பிறக்கின்றது. ஆயா அறிவிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். யாம் அத்தொடரை விட்டுவிட்டுப் படித்தோம்.

நகரின் தெற்கெல்லையில், இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், அடுக்குமாடி வீடு தரப்படும் என்றது அறிவிப்பு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் இவ்வாறு முன்னமே சென்றவர் பல்லாயிரவர். விடியுமுன் மார்க்கெட்டில் மூட்டை இறக்குவோரும், புரசைவாக்கத்து வீடுகளிற் பாத்திரம் துலக்குவோரும் அங்கிருந்து எங்ஙனம் வருவர்? அருகிலேயே கட்டித் தரலாகாதோ எனின், அதற்கும் முன்னுதாரணம் உண்டு. புளியந்தோப்புக் கேசவப் பிள்ளை பூங்காப் பகுதியில் வாரியம் அவ்வாறே அடுக்குமாடிகள் எழுப்பிற்று. 2021-இல் குடிபுகுந்த சின்னாளில் சுவர்ப்பூச்சு உதிர்ந்தமையும், அதன்பொருட்டுத் தொழில்நுட்ப ஆய்வு நடந்தமையும் நாளிதழ்களில் வெளிவந்தன. அருகிற் கட்டுதல் இயலும்; உறுதியாகக் கட்டுதலும் இயலவேண்டும்.

தெருக்கோடியிலுள்ள சிறு ஜெபவீட்டில், ஆராதனையில்லாத ஒரு மாலையில், தெருவார் யாவரும் கூடினர். தமிழ் ஆனர்ஸ் படிக்கும் பிள்ளை என்பதால் மனு எழுதும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. ஒருவரும் போகலாகாது என எழுதும்படி சிலர் சொன்னார்கள். அதற்குக் கரையோர வரிசையிலிருக்கும் அக்காள் ஒருவர் எழுந்து, “தண்ணீர் வராத வீடு எங்கே கொடுத்தாலும் நான் போவேன். ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான், நீங்கள் நின்றீர்களா?” என்றார். கூட்டம் அடங்கிற்று. அவர் கூறியதை மறுப்பார் எவர்? நல்லாவை அகலப்படுத்த வேண்டும் என்பதும் அக்கரையோர வரிசை அகல வேண்டும் என்பதும் மெய்யே. ஆதலின், செல்ல விரும்புவார் செல்லுமாறும், ஏனையோர்க்கு நடந்து செல்லும் தொலைவிலேயே, ஆலை நிலத்திலோ ரயில்வே நிலத்திலோ, வீடு அமைக்குமாறும் வேண்டி எழுதினோம். ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’ என்னும் தொடரை மனுவில் எங்கும் ஆளவில்லை. எம் தெருவின் பெயரையே எழுதினோம். முடிவில் பாட்டனார், இளைஞர்க்கு வேலைப்பயிற்சி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதனை அலுவலகத்தார் எள்ளி நகைப்பர் என ஒருவர் தடுத்தார். யாம் சேர்த்தோம்.

மனுவைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டு ஒன்று தந்தனர். விடை இன்னும் வரவில்லை. சீட்டில் பொருள் என்ற இடத்தில் ‘வீடு வேண்டுதல்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பாட்டனார் கண்ணாடியை அணிந்து அதனை இருமுறை படித்தார். எம் பேனாவை வாங்கி, ஓரத்தில் ‘வேலையும்’ என எழுதி, ஆலையின் பழைய அடையாளச் சீட்டு இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.